டர்பனில் அறிவியல் வழிகாட்டியாகச் சேரும் புதியவர்களுக்கு: மீட்டர்ச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் சேட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு கோயில் மண்டபத்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, முக்கால் மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து, அறிவியலும் தொழில்நுட்பமும் தம் அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கலந்திருக்கின்றன என்று சொல்வதற்கு மாதம் இருமுறை ஒருவர் வருவார். சம்பளம் கிடையாது, ஒரு தேநீரும் இரண்டு வடையும் உண்டு. மின்சாரத் துறையில் வேலை பார்க்கும் நான் சில ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறேன். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போதுதான் இதில் ஆர்வம் கொண்டவர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

என் முதல் அமர்வு எப்படி முடிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மின் உற்பத்தி நிலையம், உயரழுத்தக் கம்பிகள், துணை மின்நிலையம் என்று நாற்பது படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பதாவது படத்தில் மின்வெட்டு வந்தது. பிள்ளைகள் பெருமூச்சு விட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. இருட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அங்கிள், கடையில கொடுக்கிற அந்த நம்பரை அடிச்சா, அது எங்க வீட்டுக் காசுன்னு மீட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே கழிந்தது. மீதி முப்பத்தொரு படங்களை அதன்பிறகு நான் எங்கும் காட்டியதில்லை.

பிள்ளைகளிடம் போவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளோடு பழகும் எந்தப் பணிக்கும், அது ஊதியமில்லாத தன்னார்வப் பணியாகவே இருந்தாலும், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் பொருந்தும். குழந்தைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் பகுதி 'பி'யில் இருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லை என்று உறுதிசெய்யும் வேலையை அமர்வு நடத்தும் அமைப்பினர் செய்ய வேண்டும். அவர்கள் மறந்தால் நீங்களே நினைவூட்டுங்கள். அதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேட்காத இடம் எதுவோ, அங்கேதான் நான் தயங்குவேன். தனியொரு பிள்ளையோடு தனியறையில் இருக்க வேண்டாம். படம் எடுப்பதற்கு முன் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் பெற்றோருக்கு அனுப்புங்கள். இவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "உனக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது 1860 நவம்பர் 16ஆம் நாள். அதற்குப் பின் வந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் வந்தவரின் ஐந்தாவது அல்லது ஆறாவது தலைமுறைதான் இந்தப் பிள்ளை. அவளுக்குச் சொந்த ஊர் சேட்ஸ்வொர்த். வீட்டு மொழி ஆங்கிலம். தேவாரம் பிழையில்லாமல் பாடுவாள். ஆயா, தாத்தா, பெரியம்மா என்ற உறவுச்சொற்கள் நாவில் இருக்கும். ஆனால் தமிழில் நீளமாகப் பேசினால் கண்கள் சன்னலுக்குப் போய்விடும். ஆகவே பேச்சை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, அன்று கையில் எடுக்கும் பொருளுக்கும் அதில் நிகழும் வினைக்கும் உரிய இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை மட்டும் பலகையில் எழுதுங்கள். 'தெளிவு', 'வண்டல்', 'மின்னோட்டம்' போன்ற சொற்கள் அப்படித்தான் எங்கள் பிள்ளைகளிடம் தங்கின. மதிப்புக்குரிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரை இந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவே குறிப்பிடுகிறது என்ற செய்தியைப் பிள்ளைகளைவிடப் பின்னால் அமர்ந்திருக்கும் தாத்தாக்கள்தாம் அதிகம் ரசிக்கிறார்கள்.

இங்கே 'ரோபாட்' என்றால் சாலைச் சந்திப்பிலுள்ள சிக்னல் விளக்கு. தானியங்கி இயந்திரங்களில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இது தெரியாமல், தாம் நாள் முழுவதும் ரோபாட்டுகளோடு இருப்பதாகச் சொல்லி, பத்து நிமிடம் போக்குவரத்து நெரிசல் பற்றிய புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்த வயதுப் பிள்ளைகளைத் தேடுவது

பன்னிரண்டாம் தரத்து மாணவர்களுக்குப் பேசுவதே பெரிய சேவை என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது காலம் கடந்த வேலை. இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒன்பதாம் தரத்தின் பின்பாதியில், பத்தாம் தரத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். கணிதமா, 'மேத்ஸ் லிட்' என்று பிள்ளைகள் சொல்லும் கணித எழுத்தறிவா என்பது அப்போது தீர்மானமாகிவிடும். கணித எழுத்தறிவு மோசமான பாடம் என்று நான் சொல்லமாட்டேன். கடன் வட்டியையும் வரைபடத்தையும் வாசிக்க அது நன்றாகவே கற்றுத்தருகிறது. ஆனால் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பல்கலைக்கழகங்கள் கணிதத்தைக் கேட்கின்றன. கணிதத்திலிருந்து இதற்கு இறங்கி வருவது எளிது. இதிலிருந்து அங்கே ஏறுவது மிக அரிது. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த 'பிசிக்கல் சயின்ஸஸ்' பாடத்தை எடுப்பதா வேண்டாமா என்பதும் அதே வாரங்களில் முடிவாகிறது.

பதினான்கு வயதில், பெரும்பாலும் சென்ற தேர்வு மதிப்பெண்ணையும் தோழியின் விருப்பத்தையும் வைத்து எடுக்கப்படும் முடிவு இது. ஆகவே எட்டு, ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளைக் கேட்டு வாங்குங்கள். எங்களோடு வரும் செவிலியர் அக்கா ஒருவர் தம் பேச்சை எப்போதும் எட்டாம் தரத்தில் தாம் கணிதத்தில் தேறாத கதையிலிருந்து தொடங்குவார். மருந்தின் அளவை நோயாளியின் எடைக்கு ஏற்பக் கணக்கிடுவதை அதன்பிறகு அவர் காட்டும்போது, அரங்கில் இருக்கும் சுமாரான மதிப்பெண்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பதவியை விட்டுவிட்டு ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்

உங்கள் பதவியின் பெயர் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. சென்ற செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை நீங்கள் எதை எதைத் தொட்டீர்கள், எதை அளந்தீர்கள், எது பழுதானது, எதை ஊகித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பொருள் அந்தப் பிள்ளையின் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கரூ பாலைவெளியில் 64 வானலை வாங்கிகளோடு நிற்கும் மீர்காட் தொலைநோக்கியும், 1967இல் கேப் டவுனில் நடந்த முதல் இதய மாற்று அறுவையும் இந்நாட்டின் பெருமைகள்தாம். பள்ளிப் புத்தகத்தில் அவை வந்துவிடும். வீட்டுச் சுவரில் இருக்கும் மீட்டர் எந்தப் புத்தகத்திலும் வராது.

எடுத்துக்காட்டாக, அந்தப் பையனின் கேள்விக்கு நான் இப்போது சொல்லும் விடையைத் தருகிறேன். முன்கூட்டிப் பணம் கட்டும் மின்மீட்டர் உள்ள வீடுகளில், கடையில் பணம் கொடுத்தால் 20 இலக்கங்கள் அச்சிட்ட ஒரு சீட்டு கிடைக்கும். மீட்டருக்கும் கடைக்கும் இடையே எந்தக் கம்பியும் இணையமும் தேவையில்லை. செய்தி முழுவதும் அந்த 20 இலக்கங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை யூனிட் வாங்கினீர்கள், எந்த நிமிடத்தில் வாங்கினீர்கள் என்ற இரண்டும் அதில் உண்டு. ஒவ்வொரு மீட்டருக்கும் தனிச் சாவி இருப்பதால், உங்கள் சீட்டைப் பக்கத்து வீட்டு மீட்டரில் அடித்தால் அது திறவாது. ஒருமுறை பயன்படுத்திய எண்ணை மீட்டர் நினைவில் வைத்துக்கொள்வதால், இரண்டாம் முறை அடித்தாலும் ஏற்காது. தென்னாப்பிரிக்காவில் உருவான இந்த முறை இன்று பல நாடுகளில் புழங்குகிறது.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுக்கிறேன். வாங்கிய நேரத்தை, 1993 ஜனவரி 1 முதல் கடந்த நிமிடங்களாக, 24 இரும இலக்கங்களில் எழுதுகிறார்கள். 24 இரும இலக்கங்களில் எத்தனை நிமிடங்களை எழுத முடியும்? இரண்டை இருபத்துநான்கு முறை பெருக்கினால் 1,67,77,216. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம் என்று வகுத்தால் 11,650 நாள்களும் கொஞ்சமும் வரும். 1993 தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2024 நவம்பர் 24இல் வந்து நிற்கும். அந்த நாளோடு எண்கள் தீர்ந்துவிட்டன. அதற்கு முன்னதாக, வீட்டு மீட்டர் ஒவ்வொன்றிலும் 20 இலக்கங்கள் கொண்ட இரண்டு சிறப்பு எண்களை வரிசையாக அடித்துப் புதிய தொடக்கத் தேதிக்கு அதை மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஆயாவுக்குப் பதிலாக அந்த நாற்பது இலக்கங்களையும் அடித்துக் கொடுத்தவர்கள் இப்பிள்ளைகளே. எதற்காக அடித்தோம் என்பது இரண்டின் அடுக்கில் ஒளிந்திருந்தது என்று அறியும்போது அவர்கள் முகத்தில் வருவதைப் பார்க்கவே நான் சனிக்கிழமை எழுந்து போகிறேன் என்றும் சொல்லலாம்.

ஒரு கட்டுப்பாடு: வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் எதையும் திறந்து காட்டாதீர்கள், திறக்கும் ஆசையையும் மூட்டாதீர்கள். செய்து காட்ட வேண்டியதை 9 வோல்ட் பேட்டரியில் செய்யுங்கள்.

கையால் செய்யும் ஒன்று

முக்கால் மணி நேரத்தில் பதினைந்து நிமிடமாவது பிள்ளைகளின் கை அசைய வேண்டும். எங்களிடம் நன்றாக நடந்த ஒரு செய்முறையை விரிவாகச் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில், டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தைத் தாக்கிய வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அவ்வூரார் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தார்கள். வாளியோடு வரிசையில் நின்ற நினைவு உள்ள பிள்ளைகள் எங்கள் மண்டபத்திலும் உண்டு. நீர் ஆய்வகத்தில் பணிபுரியும் அண்ணன் ஒருவர், தம் வேலை என்ன என்பதைச் சொல்ல இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஆற்றங்கரை மண்ணைக் கரைத்துக் கலங்கல் நீரோடு வந்தார். கூடவே அவர் கொண்டுவந்தது நன்றாகக் காய்ந்த முருங்கை நெற்று. இங்கே எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில் முருங்கை நிற்கிறது. கீரைக்கும் காய்க்கும் தவிர வேறெதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு விதைகள். மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்பருப்பை அம்மியிலோ கல்வத்திலோ மாவாக அரைத்து, கொஞ்சம் சுத்தமான நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலை ஒரு போத்தலில் மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், பின் ஐந்து முதல் பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கிளற வேண்டும். மற்றப் போத்தலையும் அதேபோலக் கிளற வேண்டும், ஆனால் அதில் ஒன்றும் சேர்க்கக்கூடாது. அந்த இரண்டாம் போத்தல் இல்லாவிட்டால் தெளிந்தது விதையாலா, தானாகவா என்று சொல்ல வழியில்லை. பிறகு இரண்டையும் அசைக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். எனவே இதைத் தமிழ் வகுப்பு நடக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. பேச்சு முடியும் வேளையில் ஒரு போத்தலின் அடியில் வண்டல் திரண்டு கிடக்க, மேல்நீரின் வழியே மறுபக்கத்து விரல் தெரியும்.

களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் படியாமல் மிதக்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது துகள்களைச் சேர்த்துக் கட்ட, கட்டி கனத்து இறங்குகிறது. ஆய்வகத்தில் படிகாரத்தைக் கொண்டு எவ்வளவு போட்டால் எவ்வளவு தெளியும் என்று ஆறு குவளைகளை வரிசையாக வைத்து அந்த அண்ணன் பார்க்கும் சோதனையும் இதே வேலைதான். அந்தக்காலக் கிராமங்களில் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் இதற்கே என்று அவர் சொன்னபோது, பின்வரிசைத் தாத்தா ஒருவர் தம் பாட்டி அதைச் சொல்லக் கேட்டிருப்பதாகக் கையை உயர்த்தினார்.

இங்கே வழிகாட்டி தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: தெளிந்த நீர் குடிநீர் ஆகிவிடவில்லை. கிருமிகள் அதில் இருக்கும். நெருக்கடிக் காலத்துக்கு இந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்லும் அளவு, 25 லிட்டர் நீருக்கு நறுமணம் சேர்க்காத வீட்டு ப்ளீச் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர். கலக்கி இரண்டு மணி நேரம் வைத்துப் பிறகு பயன்படுத்தலாம். கொதிக்கவைக்க முடிந்தால் அதுவே போதும். செய்முறை நீரை எந்தப் பிள்ளையும் குடித்துப் பார்க்கக்கூடாது. ஒருவன் கட்டாயம் முயல்வான், அவன் பக்கத்தில் நில்லுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மஞ்சள் போதும். மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திய காகிதத்தில் சோப்பு நீரைத் தொட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆலத்தியில் சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதைக் கல்யாணத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கேள்விக்கு விடை தெரியாதபோது

தெரியாது என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் வளர்ந்த நமக்கு இது கசக்கும். ஆசிரியருக்குத் தெரியாதது இருக்கக்கூடாது என்று பழகியவர்கள் நாம். நான் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். விடை தெரியாத கேள்வியையும் கேட்டவரின் முதற்பெயரையும் அவர் கண்முன்னே எழுதி, அடுத்த அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து தொடங்குவேன். சில வேளைகளில் பிள்ளையே விடையோடு வந்துவிடும்.

சென்ற பிப்ரவரியில் கீசர் பற்றிப் பேசினேன். 150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் ஆகும் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டி, வீட்டில் சரிபார்த்து வரச் சொன்னேன். அடுத்த அமர்வுக்கு ஒன்பதாம் தரத்துப் பெண் ஒருத்தி, அப்பாவிடம் மற்ற இணைப்புகளை எல்லாம் அணைக்கச் சொல்லி, கீசரிலிருந்த சூடான நீர் முழுவதையும் தீர்த்துவிட்டு, மீட்டரை இருமுறை வாசித்த குறிப்போடு வந்தாள். ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. "உங்க கணக்கு தப்பு, அங்கிள்" என்றாள். நான் கீசரின் அளவைக் கேட்டேன், சரியாக இருந்தது. வெப்பக் கட்டுப்பாட்டுத் திருகு எதில் இருக்கிறது என்று கேட்டேன், 55 என்றாள். அதுவும் முழுக் கணக்கை ஈடுசெய்யவில்லை. பிறகு அவளே, குழாயில் வரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று நீங்கள் அளந்தீர்களா என்று கேட்டாள். நான் அளக்கவில்லை, எங்கோ படித்த 20ஐ எழுதியிருந்தேன். மண்டபத்துக் குழாயைத் திறந்து செவிலியர் அக்காவின் வெப்பமானியைப் பிடித்தோம். டர்பனின் பிப்ரவரித் தண்ணீர் 25 காட்டியது. 55இலிருந்து 25ஐக் கழித்து அவள் மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று நான் எடுத்துப்போன பொருள் பையிலேயே இருந்துவிட்டது.